ஆயிலில் தண்ணீர் கலந்தால் உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

சனிக்கிழமைகளில் காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக்குள் வரும் சாலைகளில் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய இன்ஜின், கோயிலை நெருங்கியதும் ஏ.சி.யையும் சுமந்துகொண்டு முதல் கியரில் ஊர்ந்தாக வேண்டும். ரேடியேட்டரில் சிறு கசிவு இருந்தாலும், ஃபேன் மோட்டார் மக்கர் செய்தாலும் அது வெளியே தெரிவது அப்போதுதான். சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதும் பக்கத்துக் கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். சில வாரம் கழித்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பால் விட்ட டீயின் நிறத்தில் நுரைத்த ஆயில் வருகிறது. “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, இறக்கணும்” என்ற தீர்ப்பும் கூடவே வருகிறது.

அந்தத் தீர்ப்பு பல நேரம் சரியாகவே இருக்கலாம். சோதிக்காமல் அதைச் சொல்வதுதான் தவறு. அதில் மெக்கானிக்கைவிட வண்டிக்காரரின் பங்கு பெரிது. ஒரு மணி நேரம் செலவழித்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பவருக்குக் கூலி கொடுக்க நம் ஊரில் மனம் வருவதில்லை. “பார்த்ததற்கெல்லாம் காசா?” என்கிறோம். பிரித்தால் மட்டும் கேட்டதைக் கொடுக்கிறோம். பிரித்தால்தான் கூலி என்றிருக்கும்போது, பிரிக்கத்தான் செய்வார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எளிது. வெண்மையான பிசுக்கு ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் இருக்கிறதா, ஸ்டிக்கிலும் இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதேயில்லை. உள்ளே வியர்க்கும் நீர் மூடியில் பிசுக்காகப் படிகிறது. மூடியைத் துடைத்துவிட்டு நாகப்பட்டினம் வரை ஒருமுறை போய்வந்து பார்க்கலாம். ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் கதை வேறு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட புயலின் மழைவெள்ளம் சூழ்ந்த வண்டியின் ஆயிலும் இதே நிறத்துக்கு மாறும். அது வெளியிலிருந்து புகுந்த தண்ணீர். சாவியைத் திருப்பாமல் ஆயிலை வடிப்பதே அங்கே முதல் வேலை.

கூலன்ட் உண்மையிலேயே குறைகிறது, வெளியே சொட்டு இல்லை என்றால் சோதனைக்குப் போகலாம். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பம்பின் முள் இறங்கினால் கூலன்ட் எங்கோ போகிறது என்று பொருள். பெட்ரோல் வண்டியில் அந்த அழுத்தத்தோடு ஓர் இரவு விட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இன்ஜினைச் சுற்றினால், ஓட்டை உள்ள சிலிண்டரிலிருந்து கூலன்ட் பீச்சியடிக்கலாம். இன்னொரு சோதனை நீலத் திரவம். ரேடியேட்டருக்கு மேலிருக்கும் காற்றை அதன் வழியே இழுக்கும்போது, எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் கேஸ்கெட்டோ ஹெட்டோ விட்டுவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.

மாறாவிட்டால் ஆயில் கூலரைச் சந்தேகிக்க வேண்டும். பல டீசல் இன்ஜின்களில் ஆயிலும் கூலன்ட்டும் ஒரு மெல்லிய தகட்டின் இருபுறமும் ஓடுகின்றன. வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் வரை போகும். கூலன்ட் பக்கம் 1 பார் அளவுதான். தகடு அரித்தால் ஆயில் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் மட்டும் நிற்கும். அப்போது கூலன்ட் எதிர்த்திசையில் ஆயிலுக்குள் போகும். ஆகவே கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஆயில் கூலரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் ஹெட்டைத் தொடாமலே அதை மாற்றிவிடலாம். வண்டிக்காரரின் பல ஆயிரம் ரூபாய் தப்பும்.

அந்தப் பணம் சொந்தப் பையிலிருந்து போவது என்பதையும் மறக்கக் கூடாது. வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு தருவதில்லை.

கேஸ்கெட்தான் என்று உறுதியான பிறகும் அவசரம் ஆகாது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஒருமுறை கொதித்த ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். நேர்ச்சட்டத்தை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று குறுக்கும் மூலையுமாகப் பார்க்க வேண்டும். பல கார்களுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. தாண்டினால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் எடுக்க வேண்டும், விரிசல் சோதனையும் செய்ய வேண்டும். இழுபடும் வகை ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. கை நிதானத்தில் முறுக்காமல், டார்க் ரெஞ்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிநோக்கி, கம்பெனி சொன்ன படிகளில் முறுக்க வேண்டும். இதில் குறைவைத்தால் ஆறு மாதத்தில் அதே வண்டி அதே பட்டறைக்குத் திரும்பி வரும்.

பலர் கோட்டைவிடுவது அதற்குப் பிறகு. கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகவும் கசடாகவும் மாறி பேரிங்கை அரிக்கும். புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, சிறிது தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி மாற்ற வேண்டும். கலந்த ஆயிலோடு நாள்கணக்கில் ஓடிய வண்டியென்றால் அடியைத் திறந்து பேரிங்கைப் பார்க்காமல் விடக் கூடாது.

இத்தனைக்கும் தொடக்கம் வழியில் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றிய அந்தத் தண்ணீர்தான். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. கிடைத்த தண்ணீரை ஊற்றி ஓட்டிய தலைமுறையின் பழக்கம் அது. இன்றைய அலுமினியத்துக்கு அது ஆகாது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலை ஒட்டிய காரைக்கால் பகுதியில் உப்புக் கரிக்கும் கிணறுகளை எல்லோரும் அறிவார்கள். அந்த உப்பு அலுமினியத்தில் குழி பறித்து, கேஸ்கெட் உட்காரும் விளிம்பையே தின்றுவிடும். கூலன்ட்டின் முக்கிய வேலைகளில் ஒன்று இந்த அரிப்பைத் தடுப்பது. குளிரே இல்லாத ஊருக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோயில் வாகன நிறுத்தங்களில் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கிடைக்க நிர்வாகம் ஏற்பாடு செய்தால் நிறைய இன்ஜின்கள் பிழைக்கும். இன்ஜின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று அங்கே ஒரு பலகையும் வைக்கலாம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு. பட்டறையிலேயே வேலை கற்றவர்களுக்கு அதற்கு நேரம் ஒதுக்குவது கடினம். காரைக்கால் அரசு ஐ.டி.ஐ. மழைக்காலத்துக்கு முன் அவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். பிரஷர் டெஸ்டரையும் டார்க் ரெஞ்ச்சையும் சிறு வாடகைக்குக் கொடுக்கலாம். புதுச்சேரி அரசு இதற்கு ஒதுக்க வேண்டிய தொகை பெரிதல்ல. வண்டிக்காரர்களோ அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பட்டறையில் சோதனைக்கென்று தனியாக ஒரு கூலியைப் பேசி, நீலத் திரவம் நிறம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஹெட்டை இறக்கச் சொல்லலாம்.