தேர் வடமும் ஒற்றை ஆள் ப்ராஜெக்டும்

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேர். மாட வீதியில் வடம் பிடிக்க அத்தனை கூட்டம் நிற்கும். எல்லோரும் இழுக்கிறார்களா என்ன? வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. கையை வைத்துக்கொண்டு கூடவே நடப்பவர்கள் உண்டு. புண்ணியம் எல்லோருக்கும் பொது என்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் வீதி முனையில் தேர் திரும்பும்போது கவனித்தால் வேறொரு கூட்டம் தெரியும். சக்கரத்தடியில் குனிந்து கட்டை போடுகிற சிலர். ஒருவர் குரல் கொடுப்பார், இன்னொருவர் கட்டையைச் செருகுவார், மூன்றாமவர் உருவுவார். ஒருவர் தப்பினாலும் தேர் வீட்டுத் திண்ணைக்குள் போய்விடும். அங்கே சும்மா நிற்க இடமில்லை.

குழுவாக வேலை செய்வது என்றால் இந்த இரண்டில் எது? பொறியியல் படிப்பில், குறிப்பாக அஞ்சல் வழியிலும் இணையம் வழியிலும் முதுநிலை படிக்கிறவர்களுக்கு, இந்தக் கேள்வியை யாரும் ஒழுங்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

வடம் பிடிக்கிற விஷயத்தை ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, தனியாக எவ்வளவு, சேர்ந்து எவ்வளவு என்று அளந்து 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கிடைத்த விசை, அவர்கள் தனித்தனியே இழுத்ததன் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ பாதிதான்! ஒரே நேரத்தில் ஒரே திசையில் இழுக்க முடியாதது ஒரு காரணம். ‘நாம் இழுக்காவிட்டால் என்ன, அடுத்தவன் இழுப்பான்’ என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதற்குப் பிற்கால உளவியலாளர்கள் ‘சமூகச் சோம்பல்’ என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள்.

பி.இ. முடித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையின் அட்டையில் நான்கு பெயர் இருக்கும். ஒருவன் செய்வான், ஒருவன் டைப் அடிப்பான், ஒருவன் பைண்டிங் செலவைக் கொடுப்பான். நான்காமவன் வைவா அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான். நால்வருக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான்.

தொலைநிலைக் கல்வி இதற்குக் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. குழுவையே எடுத்துவிடு! இக்னோவில் மூன்றாண்டு எம்சிஏ நடந்த காலத்தில் இறுதிப் ப்ராஜெக்டுக்கான விதிகளில், ஒரு ப்ராஜெக்டில் ஒரு மாணவருக்கு மேல் சேரக்கூடாது என்றே இருந்தது. 1979-லிருந்து வேலையில் இருப்பவர்களுக்குப் பட்டப்படிப்பு நடத்திவரும் பிட்ஸ் பிலானியின் எம்.டெக்.கில், சில பாடங்களில் குழு அசைன்மெண்ட் உண்டு. ஆனால் கடைசிப் பருவத்து டிசர்டேஷனை மாணவர் தனியாளாக, தன் நிறுவனத்திலேயே ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஏமாற்று வேலையைத் தடுக்கத்தான் இப்படியெல்லாம் வைத்தார்கள் என்பது புரிகிறது. தடுத்ததா? தி. நகரில் பஸ்ஸை விட்டு இறங்கி உஸ்மான் ரோடு பக்கம் தலையை நிமிர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லூரி ப்ராஜெக்டுகளை முடித்துத் தருவதாகச் சொல்லும் பலகைகள், துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் மேலே மாடி மாடியாக இருந்தன. தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவில் என்ன கேட்பார்கள் என்ற பயிற்சி உட்பட எல்லாம் ஒரே இடத்தில். ஒற்றை ஆள் ப்ராஜெக்ட் விலைக்கு வாங்க ரொம்ப வசதியான சரக்கு. ஒரே ஒருவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமே!

தனியாளாகப் படித்துப் பொறியாளர் ஆவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-ல் பிறந்ததே மெட்ராஸில்தான். அதன் ஏஎம்ஐஇ தேர்வை எழுதி, பகலில் டிராப்ட்ஸ்மேனாகவும் சூப்பர்வைசராகவும் வேலை பார்த்துக்கொண்டே பட்டத்துக்கு நிகரான தகுதி பெற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. டிப்ளமோவோடு நின்றுபோனவர்களுக்கு அது ஒரு பெரிய கதவு. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டுமே மத்திய அரசின் அந்த அங்கீகாரம் என்று ஆனபோது கதவு பாதி மூடிக்கொண்டது. அப்புறம் 2017 நவம்பர் 3-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உரிய அனுமதியில்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்த நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சம்பந்தப்பட்டது, அதில் ஒன்று சேலத்தைச் சேர்ந்தது. 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏஐசிடிஇ வைக்கிற தேர்வை எழுதித் தேறினால்தான் பட்டம் மறுபடி உயிர்பெறும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களோ ரத்தே ஆயின. பதினைந்து வருடம் வேலை பார்த்து, பதவி உயர்வு வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி பரிட்சை அட்டையோடு உட்கார வேண்டியதாயிற்று.

அந்த விவாதம் முழுக்க ஒன்றைச் சுற்றியே நடந்தது. ஆய்வுக்கூடம் எங்கே? செய்முறை எங்கே? நியாயமான கேள்விதான். அதற்கு ஓரளவு விடையும் கிடைத்துவிட்டது. அடையாறு பக்கத்து ஐஐடி மெட்ராஸ் 2023-ல் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். படிப்பில் பாடம் இணையத்தில், ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் வளாகத்துக்கு வர வேண்டும். முறை தெளிவாக இருக்கிறது. ஆனால் அதே வளாகத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தைத் தவிர இன்னொன்றும் கிடைக்கிறது. 2008-ல் தொடங்கிய சிஎஃப்ஐ என்ற பட்டறை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கார் சட்டகத்தைச் சுற்றி நின்று, ‘உன் மோட்டார் என் பேட்டரியைத் தின்கிறது’ என்று சண்டை போடுகிற இடம். அங்கிருந்து போன ஹைப்பர்லூப் அணிதான் 2019-ல் ஸ்பேஸ்எக்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது. அந்தச் சண்டைக்குப் பாடத்திட்டத்தில் பெயர் கிடையாது. தொலைவில் படிக்கிறவருக்கு விட்டுப்போவது அதுதான்.

விட்டுப்போனது என்று யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. 2014-ல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பாயிற்று. இளநிலைப் பொறியாளர் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலில் குழுவாக வேலை செய்வது தனி வரியாகவே உண்டு. ஆனால் நம் தேசிய அங்கீகார வாரியம் எம்.டெக்.குக்கு வைத்திருக்கும் பட்டியல் மூன்றே வரி. முதல் வரியே தனித்து ஆய்வு செய்யும் திறன். குழு என்ற பேச்சே இல்லை! பி.இ.யிலேயே கற்றாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. (இஸ்திரிச் சட்டைக்காரரை அவர்கள் பார்த்ததில்லை போலும்.)

‘வேலையில் இருப்பவருக்கு இதைக் கல்லூரி சொல்லித்தர வேண்டுமா, ஆபீஸில் தினமும் டீமில்தானே இருக்கிறார்?’ என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஆனால் ஆபீஸ் டீமில் மேலே ஒரு மேனேஜர் இருக்கிறார். யார் எதைச் செய்வது என்று அவர் பிரித்துக்கொடுப்பார். இருவர் முட்டிக்கொண்டால் அவர் தீர்த்துவைப்பார், அல்லது ஒருவரை வேறு டீமுக்கு மாற்றிவிடுவார். பத்து வருடம் அப்படி வேலை பார்த்தவர், சமமான நால்வர் நடுவே, அதிகாரம் எதுவும் இல்லாமல், பதில் போடாத ஒருவரை எப்படி வேலை வாங்குவது என்று ஒருமுறைகூடப் பழகியிருக்க மாட்டார். இன்னொன்று, ஆபீஸில் தோற்றால் அப்ரைசலில் அடி விழும். தோற்றுப் பார்த்துக் கற்பதற்குப் படிப்பைப்போல மலிவான இடம் வேறில்லை.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நான்கு பேர். மந்தைவெளியில் ஒருவர், ஓசூரில் ஒருவர், புனேயில் ஒருவர், அபுதாபியில் ஒருவர். வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்து எல்லா வீட்டுக் கைப்பேசிக்கும் சொல்லும் கருவி. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த சென்னைக்காரருக்கு இதன் அருமை தெரியும். மந்தைவெளிக்காரர் ரிச்சி தெருவுக்குப் போய் மீயொலி சென்சார் வாங்கிச் சம்ப் மூடியில் பொருத்துகிறார். ஓசூர்க்காரர் பெட்டியும் மின்சுற்றும். புனே நிரல். அபுதாபி செயலி. முதல் மாதம் எல்லாம் சுமுகம், குழுவில் கட்டைவிரல் படங்கள் பறக்கும். இரண்டாம் மாதம் சேர்த்துப் பார்க்கிறார்கள். சென்சார் தருவது மூடியிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரம். நிரல் எழுதியவர் அதைத் தண்ணீரின் ஆழம் என்று எடுத்துக்கொண்டார். விளைவு, சம்ப் காலியாக ஆக, செயலி ‘நிறைகிறது’ என்று சந்தோஷமாகச் சொல்கிறது!

யார் தப்பு? இருவருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். தப்பு இருவருக்கும் நடுவில் கிடக்கிறது. தனி ஆள் ப்ராஜெக்டில் இந்த நடு இடமே கிடையாது, அதனால் அங்கே நடக்கும் தப்பைக் கற்கவும் வழியில்லை. இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை எட்டிய வேளையில் தொலைந்தது இதே மாதிரித்தான். உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டில் கொடுத்தது, இன்னொரு தரப்பு நியூட்டன் என்று படித்தது. இரண்டு பக்கமும் தேர்ந்த பொறியாளர்கள்.

ஆகவே குழு ப்ராஜெக்ட் வேண்டும். ஆனால் பி.இ.யில் நடந்த மாதிரி வேண்டாம். வடம் பிடிக்கிற குழுவாக இல்லாமல் கட்டை போடுகிற குழுவாக இருக்க வேண்டும். நால்வருக்கு மேல் கூடாது. நால்வருக்குள் பேச்சுவழி ஆறுதான், எட்டுப் பேரானால் இருபத்தெட்டு. 1975-லேயே பிரெட் ப்ரூக்ஸ் இந்தக் கணக்கை மென்பொருள்காரர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆட்களை ஆசிரியர்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆபீஸ் நண்பர்கள் ஒன்றாக ஒதுங்கிவிடுவார்கள். நிரல் எழுதும் முன்பு, யார் யாருக்கு எந்த அளவை எந்த அலகில் கொடுப்பது என்று ஒரு பக்கம் எழுதி நால்வரும் கையெழுத்திட வேண்டும். மதிப்பெண் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க வேண்டும். 2005-ல் கிட் வந்த பிறகு எந்த வரியை யார் எந்த நாளில் எழுதினார் என்பது தானாகவே பதிவாகிறது. அதோடு சகாக்கள் ஒருவரையொருவர் மதிப்பிட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது வைவா. அங்கே ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்த பகுதியை விளக்க வேண்டும். சென்சார்க்காரர் செயலியைப் பற்றி, செயலிக்காரர் மின்சுற்றைப் பற்றி. மாடிக் கடையில் அறிக்கை கிடைக்கும், ஓடுகிற நிரல் கிடைக்கும். நான்கு பேருடைய ஆறு மாதப் பரிமாற்றம் தேதி வாரியாகக் கிடைக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பொறியியலில் குழுப் பொறியியலையே ஒரு பாடமாக வைத்து, தொலைவில் இருக்கும் மாணவர்களை ஒரே வேலையில் இணைத்தது. நம்மிடம் அதற்கு வேண்டிய கருவி எதுவும் குறையில்லை. குறை, இது முறைதவறிய விஷயம் என்ற பயம்.

பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. குழந்தைக்கு ஜுரம், ஆபீஸில் ரிலீஸ், ஊரில் துக்கம் என்று முப்பத்தைந்து வயது மாணவர் மூன்று வாரம் காணாமல் போகத்தான் செய்வார். அவரால் மற்ற மூவரின் பருவம் வீணாகலாமா? கூடாது. அதனால்தான் தனி மதிப்பெண். அதனால்தான் அடுத்தவர் பகுதியும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஒருவர் இல்லாதபோது வேலையை மறுபடி பிரித்துக்கொண்டது எப்படி என்பதற்கே மதிப்பெண் கொடுக்கலாம்.

உண்மையான சிக்கல் மாணவர் பக்கம் இல்லை, ஆசிரியர் பக்கம். ஒற்றை ஆள் அறிக்கையை அரை மணி நேரத்தில் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். நான்கு பேர் குழுவுக்கு மாதம் ஒருமுறையாவது உட்கார வேண்டும், பதிவுகளைப் பார்க்க வேண்டும், சண்டையில் பக்கம் சேராமல் கேட்க வேண்டும். அதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் எந்தக் கட்டண அட்டவணையிலும் தேடிப் பிடிக்க முடியாது. ஒரு படிப்பில் ஒரே ஒரு பாடத்துக்காவது இதை ஒதுக்கிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேர்வு மையத்தில் ஒரே படிப்பின் மாணவர்கள் இந்த ஊரிலேயே வரிசை வரிசையாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர்கூடத் தெரியாமல் ஆளுக்கொரு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தத் தேர்வுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அதே அறையை, ஒரு வழிகாட்டியோடு, குழுக்களுக்கு விட்டுவைப்பதில் தொடங்கலாம்.