உரிமப் பத்திரங்களுக்கு இடையே காணாமல் போகும் சின்னத்திரைச் சிரிப்பு: பெங்களூரு வழக்குகள் உணர்த்துவது என்ன?

பெங்களூரு: கடந்த 2024ஆம் ஆண்டு ஜனவரியில் 'பேச்சுலர் பார்ட்டி' என்ற கன்னட நகைச்சுவைப் படம் திரைக்கு வந்தது. அதில் 1980களின் இரு கன்னடப் படங்களின் பாடல்கள் உரிமம் பெறாமல் பயன்படுத்தப்பட்டதாக, பெங்களூருவைச் சேர்ந்த எம்ஆர்டி மியூசிக் நிறுவனம் புகார் அளித்தது. யஷ்வந்தபுரம் போலீசார் ஜூலையில் வழக்குப்பதிவு செய்தனர். ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், தயாரிப்புத் தரப்பான பரம்வா ஸ்டுடியோஸும் நடிகர் ரக்‌ஷித் ஷெட்டியும் 20 லட்சம் ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்த உத்தரவிட்டது. குற்றச்சாட்டைத் தயாரிப்புத் தரப்பு மறுத்துள்ளது.

இதே தயாரிப்பு நிறுவனத்தின் 'கிரிக் பார்ட்டி' 2016 இறுதியில் வெளியானபோதும் ஒரு பாடலின் இசை தொடர்பாக லஹரி மியூசிக் தொடுத்த வழக்கு பெங்களூரு நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ரஜினிகாந்தின் 'தளபதி' பட ஒலிநாடாவை வெளியிட்ட அதே லஹரிதான் இது. ஒலிநாடாக் காலத்தில் தென்னிந்தியத் திரையிசை உரிமைகளை வாங்கிக் குவித்த நிறுவனங்கள் பல பெங்களூருவில் இருப்பதால், 'இந்தப் பாடல் யாருடையது?' என்ற கேள்வி இந்நகரின் நீதிமன்றங்களுக்குப் பழக்கமானது.

புதிய படம் என்றால் தயாரிப்பாளர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், பேச்சுவார்த்தைக்கு வழி இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒளிபரப்பான தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு இவற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை. அதன் காட்சிகளில் ஒலித்த திரைப்பாடல்களுக்கு அன்று யார் அனுமதி பெற்றார், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த ஊடகத்துக்கு என்று சொல்ல ஆளில்லை. வழக்கு வரும் என்ற அச்சமே போதும். அந்தப் பகுதி ஓடிடி தளத்தில் ஏறாது. எவரும் தடை விதிக்காமலே அது மறைந்துவிடுகிறது.

ஒரு சேனல், பல கைகள்

கன்னடச் சின்னத்திரையில் 'பாப்பா பாண்டு', 'சில்லி லல்லி' ஆகிய பெயர்களைக் கேட்டால் இன்றும் முகம் மலராதவர் குறைவு. சிஹி கஹி சந்துருவின் இயக்கத்தில் வந்த முதல் தொடரும், விஜயபிரசாத் இயக்கிய இரண்டாவது தொடரும் ஈடிவி கன்னடத்தில் ஒளிபரப்பானவை. 'டாக்டர் விட்டல் ராவ்' பாத்திரத்தில் நடித்த ரவிசங்கர் கவுடாவைப் பலர் இன்றும் அந்தப் பெயராலேயே அறிவர்.

அந்தச் சேனலின் வரலாறே உரிமைச் சிக்கலுக்கு நல்ல விளக்கம். 2000ஆம் ஆண்டில் ராமோஜி குழுமத்தின் சேனலாகத் தொடங்கியது. 2012இல் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் மூலம் டிவி18 குழுமத்தின் வசம் சென்றது. 2015இல் கலர்ஸ் கன்னடம் எனப் பெயர் மாறியது. குழுமத்தின் இணையத் தளமாக இருந்த வூட் 2023இல் ஜியோ சினிமாவோடு இணைந்தது. அதுவும் 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாருடன் சேர்ந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆனது. சேனல் கைமாறும்போது ஒளிநாடாக்கள் கைமாறலாம். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் பாடல், இசை, கதை, வசனம் ஆகியவற்றின் உரிமைகள் அதே வேகத்தில் பின்தொடர்வதில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரேனும் பழைய ஒப்பந்தக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். விளம்பர வருவாய் பெரிதாக வராத பழைய நகைச்சுவைத் தொடருக்காக அந்த வேலையைச் செய்ய எந்த நிறுவனமும் அவசரப்படாது.

'பாப்பா பாண்டு' 2018இல் கலர்ஸ் சூப்பர் சேனலில் புதிதாகப் படமாக்கப்பட்டு வந்தது. புதிய தொடரென்றால் எல்லா ஒப்பந்தங்களும் புதியவை, தலைவலி இல்லை. பழைய தொடரின் ரசிகருக்கு வேண்டியதோ பழைய சிரிப்பு.

சட்டம் வரைந்த கோடுகள்

பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆவது பிரிவு ஒரு நுட்பமான விதியைக் கொண்டிருக்கிறது. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே. இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டுமே. ஒரு பக்கத் தாளில் அவசரமாகக் கையெழுத்தான பழைய சின்னத்திரை ஒப்பந்தங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகம் முழுவதும் பார்க்கப்படும் இணையத் தளத்துக்கு அந்தத் தாள் உதவாது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அந்த ஊடகத்தை ஒப்பந்தம் குறிப்பாகச் சொல்லியிருந்தாலன்றி, உரிமை மாற்றம் பொருந்தாது என்றது. எழுத்தாளர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் இது நியாயமான பாதுகாப்பு. அதே திருத்தம் 31டி என்ற பிரிவைச் சேர்த்து, ஒளிபரப்பு நிறுவனங்கள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் செலுத்திப் பாடல்களைப் பயன்படுத்தச் சட்டப்பூர்வ உரிமம் வழங்கியது. அந்த வசதி இணையத்துக்கும் பொருந்துமா? டிப்ஸ் நிறுவனம் விங்க் மியூசிக் மீது தொடுத்த வழக்கில், பொருந்தாது என 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. பாடலைத் தொலைக்காட்சியில் ஒலிக்கச் செய்யச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதே நிகழ்ச்சி கைப்பேசித் திரைக்கு வரும்போது, உரிமையாளரிடம் தனியாகப் பேரம் பேசியாக வேண்டும்.

நகைச்சுவைக்கு இதில் கூடுதல் இடர் உண்டு. குடும்பத் தொடரின் சோகக் காட்சியில் வரும் பாடலை நீக்கிவிட்டு வேறு இசையை ஒட்டலாம். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' போன்ற நையாண்டி நிகழ்ச்சியில் கேலிக்கு உள்ளாவதே திரைப்படமும் அதன் இசையும்தான். நடிகர் சந்தானத்தைத் தமிழ் இல்லங்களுக்கு அறிமுகப்படுத்திய அந்த நிகழ்ச்சியில், மூலப் படத்தின் இசை ஒலிக்கும்போது பார்வையாளர் நினைவில் எழும் காட்சியும் திரையில் நடக்கும் கூத்தும் மோதுவதால்தான் சிரிப்பு பிறக்கிறது. இசையை எடுத்துவிட்டால் எஞ்சுவது விநோத உடையில் சிலர் நடமாடுவது மட்டுமே.

நையாண்டிக்கு இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை என்று கூற முடியாது. 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' என்ற மலையாள நாடகத்துக்கு எதிர் நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் வழக்கில், விமர்சன நோக்கிலான அத்தகைய பயன்பாட்டை நியாயமானதாகவே 1996இல் கேரள உயர் நீதிமன்றம் பார்த்தது. எனினும் அது வசனத்தையும் கதையையும் பற்றியது. பதிவு செய்யப்பட்ட பாடலை அப்படியே ஒலிக்கச் செய்வது தனி உரிமை. யூடியூபின் தானியங்கிக் கண்டறியும் முறைக்கு நையாண்டியும் திருட்டும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் இருக்கிறது. வானொலி நிலையம் ஒன்றைக் களமாகக் கொண்டு 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடரில் ராக் பாடல்கள் ஏராளம். ஆரம்பத்தில் பெற்ற இசை உரிமங்கள் காலாவதியானதும் மறு ஒளிபரப்புகளில் வேறு இசை ஒட்டப்பட்டது. 2007இல் வெளியான குறுந்தகட்டிலும் பல பாடல்கள் இல்லை. பெரும்பாலான பாடல்களுக்கு மீண்டும் உரிமம் வாங்கி 2014இல் முழுத் தொகுப்பு வெளியாகும் வரை ரசிகர்கள் பார்த்தது சிதைந்த தொடரைத்தான்.

தப்பிப் பிழைத்த மால்குடி

இதே பெங்களூருவிலிருந்து எதிர் உதாரணமும் உண்டு. ஆர்.கே.நாராயணின் கதைகளை சங்கர் நாக் இயக்க, டி.எஸ்.நரசிம்மன் தயாரித்த 'மால்குடி டேஸ்' 1980களில் தூர்தர்ஷனில் வந்தது. படப்பிடிப்பு நடந்த இடம் கர்நாடகத்தின் ஆகும்பே. இன்றும் அதை இணையத்தில் காண முடிகிறது. தொடரில் மால்குடி ரயில் நிலையமாகத் தோன்றிய அரசாளு நிலையத்தில் 2020இல் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. தொடரின் தரம் ஒருபுறம் இருக்க, எல்.வைத்தியநாதன் அதற்கெனவே இசையமைத்தார். இரவல் பாடல்களை நம்பிய தொடராக அது இல்லை. உரிமை கேட்க வேண்டுமெனில் யாரிடம் செல்வது என்பதும் தெளிவாக இருந்தது.

தூர்தர்ஷனின் தனியார் தயாரிப்புத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் இந்த நல்வாய்ப்பு வாய்க்கவில்லை. விளம்பரதாரர் முறையில் வந்த தொடர்களில் தூர்தர்ஷன் பெற்றது குறிப்பிட்ட காலத்துக்கான ஒளிபரப்பு உரிமை. தொடரின் சொந்தக்காரர் தயாரிப்பாளர். 2020 ஊரடங்கின்போது ராமாயணத்தை மறு ஒளிபரப்பு செய்யக் கோரிக்கை எழுந்ததும், உரிமையாளர்களோடு பேசி வருவதாகவே பிரசார் பாரதி பதிலளித்தது. நாடே பார்த்த தொடருக்கு அந்தப் பேச்சு சில நாள்களில் முடிந்தது. ஒரு மொழியின் ரசிகர்கள் மட்டும் நினைவில் வைத்திருக்கும் அரைமணி நேர நகைச்சுவைத் தொடருக்காக அப்படித் தேடிச் செல்வோர் எத்தனை பேர்?

காலமும் எதிராக இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒளிப்பதிவுப் படைப்பின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1990இல் ஒளிபரப்பான தொடர் 2050 டிசம்பர் 31 வரை பாதுகாக்கப்பட்டது. காந்த ஒளிநாடாவுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது; ஈரமும் பூஞ்சையும் தின்றது போக, விலை அதிகம் என்பதால் பழைய நாடாக்களின் மீதே புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்த காலமும் இருந்தது. பிரிட்டனின் பிபிசியே 1960களின் நகைச்சுவை நிகழ்ச்சிகள் பலவற்றை இப்படி அழித்துவிட்டுப் பிறகு தேடி அலைந்தது.

அச்சுக்கு உள்ள காப்பு ஒளிபரப்புக்கு இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குச் செல்ல வேண்டும். திரைப்படங்களுக்கு, சுமார் 597 கோடி ரூபாய் மதிப்பிலான தேசியத் திரைப்பட பாரம்பரிய இயக்கம் இருக்கிறது. தனியார் சேனல்கள் தங்கள் நிகழ்ச்சிகளைப் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க எந்தக் கட்டாயமும் இல்லை. பிரான்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் சட்டப்பூர்வ வைப்புக்குள் 1992லேயே கொண்டு வந்துவிட்டது.

விளைவாக, வீட்டில் பதிவு செய்த பழைய நாடாவிலிருந்து ரசிகர்கள் யூடியூபில் ஏற்றிய மங்கலான பிரதிகளே பல தொடர்களுக்கு நடைமுறைக் காப்பகம். உரிமை கோரி புகார் வந்தால் அவையும் நீங்கும். புகார் அளிப்பவர் தொடரை வெளியிடும் எண்ணம் உடையவராக இருக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் அதிகம் எடுத்தாளப்படாத ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே வெளியான இந்தியப் படைப்பை மறுவெளியீடு செய்ய உரிமையாளர் மறுத்து, அதனால் அது மக்களுக்குக் கிடைக்காமல் போனால், 31ஆவது பிரிவின் கீழ் கட்டாய உரிமம் கோரலாம். உரிமையாளரைக் கண்டறியவே முடியாத படைப்புகளுக்கு 31ஏ பிரிவு உண்டு. இந்த மனுக்களை விசாரித்து வந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, அதிகாரம் வணிக நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டது. பெங்களூருவில் அத்தகைய வணிக நீதிமன்றம் ஒன்றுதான், 2022 நவம்பரில் 'கேஜிஎஃப்-2' பாடல்களைப் பயன்படுத்தியதற்காகக் காங்கிரஸ் கட்சியின் ட்விட்டர் கணக்கை முடக்க உத்தரவிட்டது. மறுநாளே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிபந்தனையுடன் நிறுத்தி வைத்தது. ஒரு படைப்பை முடக்கக் கோரும் மனுக்கள் செல்லும் அதே நீதிமன்றத்தில், முடங்கிக் கிடக்கும் ஒன்றை வெளியிடக் கோரும் மனுவையும் இப்போது தாக்கல் செய்யலாம்.