கண் இருந்தால் மட்டும் போதுமா?

நமது பொம்மனஹள்ளியில் தடுக்கி விழுந்தால் ஒரு கேமராவின் முன்தான் விழ வேண்டும். மளிகைக்கடை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, அடுக்குமாடி வாசல், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் என்று எங்கும் கண்கள். கேமரா இருக்கிறது, இனிப் பயமில்லை என்று நாமும் நிம்மதியாகத் தூங்குகிறோம். இந்த நிம்மதி சரிதானா என்ற ஐயத்தை எனக்கு உண்டாக்கியது ஒரு வீடியோ விளையாட்டு!

அண்மையில் என் அக்காள் மகன் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்’ என்ற திகில் ஆட்டத்தைக் காட்டினான். அமெரிக்கரான ஸ்காட் காத்தன் 2014-ல் உருவாக்கியது. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. 2023-ல் திரைப்படமாகவும் வந்துவிட்டது. ஆடுபவர் ஓர் உணவு விடுதியின் இரவுக் காவலாளி. நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை அறையை விட்டு வெளியேற முடியாது. கொலைகாரப் பொம்மைகள் நடமாடுவதைக் கேமராவில் பார்க்கலாம். பார்த்தாலும் மின்சாரம் செலவாகும், கதவை மூடினாலும் செலவாகும். மின்சாரம் தீர்ந்தால் இருட்டு. பிறகு ஆள் காலி.

“சுட முடியாதா?” என்றேன்.

“முடியாது மாமா, பார்க்கத்தான் முடியும்” என்றான்.

இரவு டியூட்டி பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் காவலாளியின் பயம் புரிந்தது. பார்ப்பது வேறு, காப்பது வேறு.

சாத்தான்குளத்தை நாம் மறந்துவிடவில்லை. 2020 ஜூனில் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்த நிலையத்திலும் கேமரா இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக, விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் அறிக்கை அளித்தார். கண் இருந்தது; நினைவு இல்லை!

அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்நாடகத்திலோ மக்கள் திரளும் கடைகளும் நிறுவனங்களும் கேமரா வைத்து 30 நாள் பதிவைக் காக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பும் அதே ஆண்டில் வந்ததுதான். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி.

கேமராவே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். திருடனைப் பிடிக்க அது உதவுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தொழிற்சாலையில் நம் சகோதரிகளை நாள் முழுதும் படம் பிடிப்பவர் யார்? அதைப் பார்ப்பவர் யார்? எத்தனை நாளில் அழிப்பார்கள்? கேமராவுக்கு அருகிலேயே ஒரு பலகையில் கன்னடத்திலும் தமிழிலும் இதை எழுதி வைக்கட்டும். பதிவு கேட்டு வரும் பாதிக்கப்பட்டவரை அலைக்கழிக்காமல் கொடுக்கவும் ஒரு வழி செய்யட்டும்.

விளையாட்டில் காலை 6 மணி அடித்தால் பயம் தீர்ந்துவிடும். நமக்கு அப்படி மணி அடிக்கப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் விழிப்பார்களா?