வெப்பமானியைப் பார்த்து அரசியல் செய்யாதீர்கள்



கொஞ்சக் காலமாக எங்கட கூட்டங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. "கன்பராவில் போய் மனித உரிமை எண்டு கதைச்சால் ஆரும் கேட்கமாட்டினம். சீனா எண்டு சொன்னால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பினம். அம்பாந்தோட்டையைக் காட்டுவம். தமிழருக்கு உதவினால் இந்து சமுத்திரத்தில் சீனாவைத் தடுக்கலாம் எண்டு சொல்லுவம்." இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. 2009இலிருந்து கதவு தட்டிக் களைத்துப் போனவர்கள். ஆனால் இந்த வழி பிழை. பிழை மட்டுமில்லை, எங்களுக்கே ஆபத்தானது.

ஒரு நாட்டு மக்கள் இன்னொரு நாட்டைப் பற்றி என்ன உணர்கிறார்கள் என்பது ஏதோ வானிலை போலத் தானாக மாறுகிறது என்று நாங்கள் நினைக்கிறம். அப்படியில்லை. அந்த உணர்வு உற்பத்தி செய்யப்படுகிறது. வியாபாரமும் இராணுவ ஒப்பந்தமும் எந்தப் பக்கம் திரும்புகின்றனவோ, அந்தப் பக்கம் அமைச்சர்களும் பத்திரிகைகளும் அதைத் திருப்புகிறார்கள். திரும்பும்போது நசுங்குவது அந்த நாட்டு அரசு இல்லை. அந்த நாட்டு முகத்தோடு இங்கே தெருவில் நடக்கிற ஆக்கள்.

யப்பான்: எதிரியிலிருந்து நண்பன்வரை

1942 பெப்ரவரி 19இல் யப்பானிய விமானங்கள் டார்வின் மேல் குண்டு போட்டன. 200 பேருக்கு மேல் செத்தார்கள். யப்பானிடம் பிடிபட்ட 22,000க்கு மேற்பட்ட அவுஸ்திரேலியக் கைதிகளில் ஏறக்குறைய 8,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. இங்கே முத்துக் குளித்தும் கடை வைத்தும் வாழ்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட யப்பானியர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். யுத்தம் முடிந்தபின் பெரும்பாலானோர் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் டார்வினுக்குக் குண்டு போடவில்லை.

யுத்தம் முடிந்து 12 வருஷத்தில், 1957இல், மென்சிஸ் அரசு யப்பானோடு வர்த்தக ஒப்பந்தம் செய்தது. பிரிட்டன் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கம்பளிக்கும் நிலக்கரிக்கும் புதுச் சந்தை தேவைப்பட்டது. 1960களின் முடிவுக்குள் யப்பான் அவுஸ்திரேலியாவின் மிகப்பெரிய ஏற்றுமதிச் சந்தையாகிவிட்டது. 2022இல் லோவி நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 87 வீதமானோர் யப்பானை நம்புவதாகச் சொன்னார்கள். 2025 ஓகஸ்ட்டில் அவுஸ்திரேலியக் கடற்படைக்கு யப்பானிய வடிவமைப்புப் போர்க்கப்பலைத் தெரிவு செய்தார்கள். மன்னிப்பதும் மறப்பதும் நல்ல குணம்தான். ஆனால் முதலில் மன்னித்தது மனசு இல்லை, சந்தை.

சீனா: நாலே வருஷம்

லோவி நிறுவனம் 2005இலிருந்து வருஷா வருஷம் இந்தக் கணிப்பைச் செய்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் 0 பாகையிலிருந்து 100 பாகைவரை வெப்பம் கொடுக்கச் சொல்லிக் கேட்கிற ஒரு "உணர்வு வெப்பமானி"யும் அதில் இருக்கிறது.

2014 நவம்பரில் சி சின்பிங் கன்பரா நாடாளுமன்றத்தில் உரையாற்றினார், கைதட்டினார்கள். அடுத்த வருஷம் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே 2015இல் டார்வின் துறைமுகத்தை 99 வருஷக் குத்தகைக்கு ஒரு சீனக் கொம்பனியிடம் கொடுத்தார்கள். ஓம், அதே 99 வருஷம். அம்பாந்தோட்டைக்கு இரண்டு வருஷம் முந்தி. 2018இல் சீனா உலகில் பொறுப்போடு நடக்கும் என்று நம்பியவர்கள் 52 வீதம். 2022இல் 12 வீதம்.

இந்த நாலு வருஷத்தில் நடந்தவை பொய்யில்லை. ஹொங்கொங், உய்குர் முகாம்கள், 2020இல் பார்லிக்கும் வைனுக்கும் போட்ட தண்டனை வரிகள் எல்லாம் உண்மை. சீன அரசுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. 2009இல் கொழும்புக்கு ஆயுதம் கொடுத்து, ஐநாவில் கேடயம் பிடித்த அரசு அது. ஆனால் உய்குர்களுக்காகவா வெப்பம் இறங்கியது? 2021 செப்டெம்பரில் ஓக்கஸ் அறிவிக்கப்பட்டது. 368 பில்லியன் டொலர்வரை போகும் என்று கணக்கிடப்பட்ட நீர்மூழ்கித் திட்டத்துக்குப் பயம் தேவை. பயம் வினியோகிக்கப்பட்டது. பிறகு வைன் வரி 2024இல் நீங்கியது, வியாபாரம் திரும்பியது. 2025 கணிப்பில் சீனாவைப் பாதுகாப்பு அச்சுறுத்தல் என்றவர்களைவிடப் பொருளாதாரப் பங்காளி என்றவர்கள் சற்றே கூட. உய்குர்களுக்கு இடையில் என்ன விடிவு வந்தது? ஒன்றுமில்லை.

இதற்குள் இங்கிருக்கிற சீனருக்கு நடந்ததைப் பாருங்கள். 2020 ஒக்டோபரில், புலம்பெயர் சமூகங்களின் பிரச்சினைகளை விசாரித்த செனட் குழுவின் முன் சாட்சி சொல்ல மூன்று சீன அவுஸ்திரேலியர்கள் போனார்கள். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை நிபந்தனையில்லாமல் கண்டிக்கிறீர்களா என்று செனட்டர் எரிக் அபெட்ஸ் அவர்களைக் கேட்டார். அரசியலில் தங்கள் சமூகத்துக்கு ஏன் இடமில்லை என்று சொல்ல வந்தவர்களுக்கு விசுவாசப் பரீட்சை வைத்தார்கள்.

எங்கட ஆக்களுக்கு இந்தப் பரீட்சை புதுசா? புலியா இல்லையா எண்டு எத்தனை தரம் கேட்டார்கள்? அகதிகள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட தமிழர்கள் பலர், அவுஸ்திரேலிய உளவுத்துறையின் பாதக அறிக்கை ஒன்றால், காரணமே சொல்லப்படாமல், வருஷக்கணக்கில் தடுப்பில் கிடந்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதில் தலையிட வேண்டி வந்தது. அந்த வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். இன்னொருவரை அதில் இருத்தி எங்கட காரியத்தைப் பார்க்கலாமா?

எங்கட வெப்பம் எத்தனை பாகை?

கன்பராவுக்கு இலங்கை பற்றி இருக்கிற உணர்வைப் பாருங்கள். 2013இல் ஐநா மனித உரிமைப் பேரவையின் இலங்கைத் தீர்மானத்துக்கு அவுஸ்திரேலியா இணை அனுசரணை கொடுத்தது. அந்த வருஷம் நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. கனடாப் பிரதமர் போகவில்லை. மன்மோகன் சிங் போகவில்லை. டோனி அபொட் போனார். இரண்டு ரோந்துப் படகுகளைப் பரிசாக அறிவித்தார். சித்திரவதை பற்றிக் கேட்டபோது, அதைக் கண்டிக்கிறோம் என்றுவிட்டு, கடினமான சூழலில் கடினமான விசயங்கள் நடப்பதுண்டு என்றார். 2014 மார்ச்சில் அடுத்த தீர்மானம் வந்தபோது அவுஸ்திரேலியா இணை அனுசரணையிலிருந்து விலகி நின்றது. யூலையில் 41 பேரை நடுக்கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடம் கையளித்தார்கள். இன்னும் 157 பேரை ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலில் அடைத்து வைத்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் ஏன் இந்த மாற்றம்? முள்ளிவாய்க்கால் பற்றிப் புதுச் சாட்சியம் ஏதும் பொய்யென்று தெரிந்ததா? இல்லை. படகுகளை நிறுத்தக் கொழும்பின் தயவு தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

இதில்தான் சீன வாதம் உடைகிறது. சீனப் பயம் கூடினால் கன்பரா கொழும்பைத் தள்ளி வைக்கும் என்று எங்கட நண்பர்கள் கணக்குப் போடுகிறார்கள். நடப்பது நேர் எதிர். பயம் கூடக் கூட, கொழும்பைப் பெய்ஜிங்கின் கையிலிருந்து இழுக்கக் கன்பரா இன்னும் கூடக் கொஞ்சுகிறது. 2024இல் இலங்கை விமானப்படைக்குக் கடல் கண்காணிப்பு விமானம் ஒன்றையே இலவசமாகக் கொடுத்தார்கள். சீன அட்டையை நாங்கள் கன்பராவில் போட முன்னமே, கொழும்பு அதைப் போட்டு வென்றுவிட்டது. அரசு வைத்திருப்பவனுக்குத் துறைமுகம் இருக்கிறது, பேரம் பேசலாம். எங்களிட்ட என்ன இருக்கு?

"நாங்கள் வேறை" என்பவர்களுக்கும் ஒரு சொல். 2023 மே மாதம் சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் மோடியை அல்பனீசி 'பொஸ்' என்று அழைத்தார், அரங்கம் அதிர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஓகஸ்ட் 31இல், "அவுஸ்திரேலியாவுக்கான அணிவகுப்பு" என்ற பேரில் குடிவரவுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். விளம்பரத் துண்டுகளில் இந்தியர்களைப் பேர் சொல்லிக் குறி வைத்தார்கள். அன்றே மெல்பேர்ணில் முதற்குடி மக்களின் இறைமை முகாமை நாசிகள் தாக்கினார்கள். பிரதமர்கள் கட்டிப்பிடித்த சூடு தெருவுக்கு வரவில்லை. பெண்டில் ஹில் ஸ்டேசனிலோ டண்டினோங் சந்தையிலோ ஒருத்தன் கத்திக்கொண்டு வந்தால், "நான் இந்தியன் இல்லை, ஈழத் தமிழன்" எண்டு விளங்கப்படுத்த நேரம் தரமாட்டான். விளங்கப்படுத்தவும் கூடாது. இந்தியன் எண்டால் அடிக்கலாமா?

அப்ப என்ன செய்வது?

உணர்வை மேலிருந்து மட்டும்தான் மாற்றலாம் என்றில்லை. பிலோவீலாவை நினையுங்கள். மத்திய குயின்ஸ்லாந்தில் ஆறாயிரம் பேர் அளவில் உள்ள ஊர். இறைச்சி ஆலை, நிலக்கரி, பழமைவாதிகளுக்கு வாக்குப் போடுகிற தொகுதி. 2018 மார்ச்சில் அங்கிருந்து ஒரு தமிழ்க் குடும்பத்தை விடியப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஊர்ச் சனம் நாலு வருஷம் விடவில்லை. 2022இல் குடும்பம் ஊர் திரும்பியது; நிரந்தர விசாவும் கிடைத்தது. அந்தச் சனத்துக்கு இந்து சமுத்திர வரைபடத்தைக் காட்டி யாரும் மனசை மாற்றவில்லை. பக்கத்து வீடு, பக்கத்து வேலை மேசை, பிள்ளைகளின் பிறந்தநாள். அந்த வெப்பம் எந்த உச்சிமாநாட்டோடும் இறங்காது.

ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012, 2013இல் படகில் வந்து, 'துரிதப் பாதை' என்ற பேரில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இன்னமும் தற்காலிக விசாவில் நாள் எண்ணுகிறார்கள். 2024இல் டொக்லண்ட்ஸிலும் பஞ்ச்போலிலும் கூடாரம் போட்டு இரவு பகலாக இருந்தவர்களில் தமிழரும் ஈரானியரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஆரின் நாடு இந்த வருஷம் கன்பராவுக்குப் பிடிச்ச நாடு எண்டு அங்கே ஆரும் கேட்கவில்லை. எங்கட அரசியலுக்கு அந்தக் கூடாரம் மாதிரி.

ஆகவே மூன்று விசயம். ஒன்று: எங்கள் மனுக்களிலும் மேடைகளிலும் "சீன அச்சுறுத்தல்" என்ற வாதம் வரக்கூடாது. நீதி கேட்பதென்றால் நீதி என்றே கேட்பம். இரண்டு: அடுத்த விசுவாசப் பரீட்சை ஆருக்கு வைக்கப்பட்டாலும், சீனருக்கோ பலஸ்தீனருக்கோ ஈரானியருக்கோ, முதல் நாளே பக்கத்தில் போய் நிற்பம். மூன்று: தற்காலிக விசாவில் இருக்கிற எல்லோருக்கும், எந்த நாட்டவர் என்று பாராமல், நிரந்தர விசா என்ற கோரிக்கையைத் தமிழ் அமைப்புகள் எல்லாம் முதற்கோரிக்கையாக எடுக்க வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். மழுப்பினால், ஏன் மழுப்புகிறீர்கள் என்றும் கேளுங்கள்.

தோழமையுடன்.