ஓர் அண்டா, ஒரு துணிப்பை

ஜன்னலுக்குத் திரை தைக்கும் மெல்லிய வாயில் துணி இரண்டு மீட்டர். அதை அண்டாவின் வாய்க்குப் பொருந்துகிற பையாக மடித்து, ஓரம் தைத்து, கழுத்தில் ஒரு நாடாவைக் கோத்துவிட்டால் கருவி தயார். 2000-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் சிலர் இந்தப் பையைக் கையில் எடுத்தார்கள். அதுவரை இடமும் பணமும் உள்ளவர்களே செய்துவந்த ஒரு வேலை அன்றிலிருந்து சாதாரண அடுப்படிக்கு வந்துவிட்டது. இந்த முறைக்கு 'புரூ இன் எ பேக்' என்று பெயர். பையில் காய்ச்சும் பீர்.

ஆஸ்திரேலிய வீடுகளில் அதற்கு முன்பும் பீர் உண்டு. 1970-களின் முற்பகுதியில், காஃப் விட்லம் ஆட்சிக் காலத்தில், வீட்டில் முழு வீரியமுள்ள பீர் தயாரிக்க இருந்த சட்டத் தடை விலகியது. அடிலெய்டில் தாமஸ் கூப்பர் 1862-இல் தொடங்கிய கூப்பர்ஸ் நிறுவனம், பாகுபோல் இறுகிய மால்ட்டைத் தகர டப்பாவில் அடைத்து விற்றது. 1.7 கிலோ டப்பாவை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை போட்டு, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, மூடிக்கடியில் இருக்கும் ஈஸ்ட்டைத் தூவினால் போதும். பீர் கிடைத்துவிடும். ஆனால் எந்தத் தானியம், எவ்வளவு கசப்பு என்பதையெல்லாம் தொழிற்சாலை முன்பே முடிவு செய்திருக்கும். பாக்கெட் மாவில் தோசை வார்ப்பவருக்கு அரிசி உளுந்தின் அளவில் கைவைக்க வழியில்லை அல்லவா, அதே நிலைதான்.

முழுத் தானியத்திலிருந்து தொடங்க விரும்பியவருக்கு மூன்று பாத்திரங்கள் வேண்டியிருந்தன. வெந்நீருக்கு ஒன்று, தானியத்தை ஊறவைத்து வடிக்க அடியில் சல்லடை பொருத்திய ஒன்று, வடித்த சாற்றைக் கொதிக்கவைக்க ஒன்று. கூடவே குழாய்களும் திருகுகளும், சிலருக்கு ஒரு பம்பும். கார் நிறுத்தும் கொட்டகையில் பாதி இடம் இதற்கே போய்விடும். துணிப்பை வந்ததும் மூன்றில் இரண்டு பாத்திரங்கள் தேவையற்றுப் போயின. தண்ணீர் காய்வது, தானியம் ஊறுவது, சாறு கொதிப்பது எல்லாம் ஒரே அண்டாவில். ஊறியதும் பையைத் தூக்கிவிட்டால் தானியம் வெளியே வந்துவிடும், சாறு உள்ளே நிற்கும்.

இவ்வளவு எளிதான வழி எப்படிச் சரிப்படும் என்ற சந்தேகம் அனுபவசாலிகளுக்கும் வந்தது. விடை தானியத்துக்குள்ளேயே இருக்கிறது.

பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, முளை நீளுமுன் வெப்பத்தில் உலர்த்தினால் அது மால்ட். முளைக்கும்போது, சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் விதைக்குள் உருவாகின்றன. முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சி, சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட நீர்த்தும் சற்றே இனித்தும் இருப்பதற்கு இவைதான் காரணம். 1833-இல் ஆன்செல்ம் பாயென், ழான் பிரான்சுவா பெர்சோ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் மால்ட் சாற்றிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து 'டயஸ்டேஸ்' என்று பெயரிட்டார்கள். மனிதர் பிரித்தறிந்த முதல் நொதி அதுதான்.

பீர் காய்ச்சுபவருக்கு இந்த நொதிகளில் இரண்டு முக்கியம். பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரையைத் தரும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 70 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். ஈஸ்ட்டால் உண்ண முடியாத பெரிய மூலக்கூறுகளையும் அது விட்டுவைப்பதால் பீருக்குக் கனம் கூடும். 66 டிகிரியில் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. இந்தச் சூட்டை ஒரு மணி நேரம் காப்பாற்றினால் போதும், பாத்திரம் எதுவாக இருந்தாலும் நொதிகள் தம் வேலையை முடித்துவிடும். துணிப்பை முறை வெற்றி பெற்றதன் ரகசியம் இதுதான்.

முதல் முறைக்கு 10 லிட்டர் அளவு நல்லது. 20 லிட்டர் அண்டா, வெப்பமானி, பை இருந்தால் தொடங்கிவிடலாம். 2.4 கிலோ பேல் மால்ட்டை அரிசிக் குருணைபோல் உடைத்துக்கொள்ள வேண்டும். பழைய முறையில் மிக நுணுக்கி உடைத்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். பையில் அந்தப் பயம் குறைவு, கொஞ்சம் நைசாகவே உடைக்கலாம். 15.5 லிட்டர் தண்ணீரை 69 டிகிரிக்குக் காய்ச்சி அடுப்பை அணைத்து, பையை விரித்து, மால்ட்டைக் கட்டி தட்டாமல் கிளறியபடி கொட்டினால் சூடு தானாக 66-க்கு இறங்கும். மூடி, மேலே கனத்த கம்பளியைச் சுற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் கவலையில்லை.

வேலை முடிந்ததா என்று பார்க்கப் பள்ளிக்கூட ஆய்வகப் பாடமே உதவும். ஒரு கரண்டிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு ஒரு சொட்டு அயோடின் சேர்க்க வேண்டும். கருநீலமானால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது, நிறம் மாறாவிட்டால் மாவுச்சத்தெல்லாம் உடைந்துவிட்டது. சோதித்ததைக் கீழே கொட்டிவிட வேண்டும், அண்டாவில் திரும்ப ஊற்றக் கூடாது.

அடுத்து பையைத் தூக்க வேண்டும். நனைந்த தானியத்தின் பாரத்தைக் கை உணரும். அண்டாவின் மேல் கம்பிச் சல்லடை வைத்து அதில் பையை நிறுத்தினால் சாறு வடியும். ரப்பர் கையுறை போட்டுப் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் வரும். பிழிந்தால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும் என்று வெகுகாலம் எச்சரித்தார்கள். துவர்ப்பை இழுப்பது மிகையான சூடும் காரத்தன்மை ஏறிய தண்ணீரும்தான். அவை அளவாக இருந்தால் தாராளமாகப் பிழியலாம்.

தமிழருக்கு இந்த இடம் பழக்கமானது. சங்க நூல்கள் மதுவுக்கு வழங்கும் பெயர்களில் மூன்று, இந்த வேலைகளிலிருந்தே பிறந்தவை. பிழிந்து எடுத்தது பிழி, அரித்து எடுத்தது அரியல், தெளியவிட்டு எடுத்தது தேறல். வீட்டில் சமைத்த தோப்பி என்ற கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. அரிசிக் களியை வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிடுவதையும், அது சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் இருந்து விளைவதையும், விரலால் அலைத்து அரிப்பதையும் அதே நூல் படிப்படியாகச் சொல்கிறது. தானியத்திலிருந்து மது எடுக்கும் வீட்டுத் தொழில் தமிழ்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிழிந்த சாற்றை ஒரு மணி நேரம் மூடாமல் கொதிக்கவிட வேண்டும். வேகவைத்த மக்காச்சோளத்தைப் போல மணக்கும் ஒரு கந்தகச் சேர்மம் ஆவியோடு போகவேண்டியிருப்பதால்தான் மூடி போடுவதில்லை. கொதி வந்ததும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூ 15 கிராம், இறக்கப் பத்து நிமிடம் இருக்கையில் இன்னொரு 15 கிராம். முதலில் போட்டது நன்றாகக் கொதித்துக் கசப்பைத் தரும், கடைசியில் போட்டது மணத்தைத் தரும். சில பாக்டீரியாக்களைத் தடுப்பதும் ஹாப்ஸின் வேலை. டாஸ்மேனியாவின் புஷி பார்க்கில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இக்கொடி பயிராகிறது. மணத்துக்கு ஆஸ்திரேலிய 'கேலக்ஸி' பெயர்பெற்றது. முதல் முயற்சிக்கு அமெரிக்க 'காஸ்கேட்' போன்ற மிதமான வகையே போதும்.

ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் என்று தொடங்குவதில் பெரிய ஆதாயம் உண்டு. பல வகைகளைக் கலந்தால் எது எந்தச் சுவையைத் தந்தது என்று நாக்குக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் வீட்டு பீர்ச் சாமான் கடை நடத்திவந்த கென் கிராஸ்மன் 1980-இல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். அதன் பேல் ஏலின் அடையாளமே காஸ்கேட் மணம்தான். வீட்டுக் காய்ச்சலில் ஒரு பொருளை நுணுகிக் கற்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அந்த ஆலை சாட்சி.

கொதித்த சாற்றை ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்கு ஆற்ற வேண்டும். செம்புக் குழாய்ச் சுருளில் குளிர்நீரை ஓடவிடுவது வழக்கம், ஆனால் அதற்கு நிறையத் தண்ணீர் செலவாகும். தண்ணீர்ப் பஞ்சத்தை நன்கறிந்த ஆஸ்திரேலியர்கள் வேறு வழி கண்டார்கள். வெப்பம் தாங்கும் கெட்டி பிளாஸ்டிக் கேனில் கொதிசாற்றை அப்படியே நிரப்பி, காற்று போக அழுத்தி மூடி, இரவெல்லாம் தானாக ஆறவிட்டு, மறுநாள் ஈஸ்ட் போடுவார்கள். ஒரு குடம் தண்ணீர்கூட வீணாவதில்லை. மறுநாளே ஈஸ்ட் சேர்ப்பதுதான் பாதுகாப்பு, கேனை வாரக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது நல்லதல்ல.

அடுப்பை அணைத்த பிறகு சாற்றைத் தொடும் எந்தப் பொருளும் கிருமியில்லாமல் இருக்க வேண்டும். கரண்டி, குழாய், பாத்திரம், மூடி எல்லாவற்றையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். புளிப்பேறி வீணாகும் பீர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகிறது. பீர் ஏன் கெடுகிறது என்று நுண்ணோக்கியில் தேடிய லூயி பாஸ்டர், 1876-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

10 லிட்டருக்கு 11 கிராம் ஏல் ஈஸ்ட் பொட்டலத்தில் பாதி போதும். 18 முதல் 20 டிகிரி வரை சூடு நிலைத்தால் நொதிப்பு சீராகும். கோடையில் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துண்டைப் போர்த்திவிடுவது பலரும் கையாளும் உபாயம். இரண்டு வாரம் திறந்து திறந்து பார்க்காமல் பொறுத்திருக்க வேண்டும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.048 காட்டி முடிவில் 1.010 காட்டினால், வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹால் என்று தெரிந்துவிடும்.

இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்தும் எண் மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். 10 லிட்டருக்கு 65 கிராம் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து மூடினால், இன்னும் இரண்டு வாரத்தில் பாட்டிலுக்குள் நுரை கட்டும். நொதிப்பு முடியாமலோ சர்க்கரை கூடியோ அடைத்தால் கண்ணாடி வெடித்துக் கையையும் கண்ணையும் பதம்பார்க்கும். புதியவர்களுக்குச் சோடா விற்கும் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்களே நல்லவை. அழுத்திப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரியும்.

வீட்டு மது என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் ஒரு பயம் எழுவது இயல்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அங்கே கொன்றது மெத்தனால், சாராயத்தில் கலந்த தொழிற்சாலை ரசாயனம். பீர் காய்ச்சுவதில் வாலை வடிப்பதும் இல்லை, வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்ப்பதும் இல்லை. மால்ட்டை உண்ணும் ஈஸ்ட் தருவது எத்தனால். மெத்தனால் அதில் தீங்கு செய்யாத அளவுக்கு மிகச் சிறிதாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிட்டன் 1963-இல் வீட்டுக் காய்ச்சலுக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்ட சட்டம் வரி விலக்குத் தந்தது. சிங்கப்பூர், 18 வயது நிறைந்தவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை தயாரிக்க இடம் தருகிறது, விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலோ, உரிமமின்றி எந்த மது தயாரித்தாலும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்குள்ளவர்கள் இதைப் படித்தறிவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மெல்போர்னிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் வாசகர்கள் அடுத்த விடுமுறை நாளில் அண்டாவை அடுப்பில் ஏற்றலாம். முதலில் நல்ல வெப்பமானி ஒன்றும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவு, சூடு, நேரம், ஹைட்ரோமீட்டர் காட்டிய எண் எல்லாவற்றையும் அன்றே குறித்து வையுங்கள். இரண்டாவது முறை காய்ச்சும்போது முதல் நாள் குறிப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.