சொல்லிவிட்டுச் செல்வதே முறை

போர்டிக்சன் என்றதும் கடற்கரையும் தங்கும் விடுதிகளுமே பலரின் நினைவுக்கு வரும். கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே சென்றால், சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களின் செம்பனை வரிசைகளைக் காணலாம். இந்த வட்டாரத்தில் ஒருவர் குதிரை ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குமாடி வீட்டில் குதிரை வளர்க்க இயலாது. ஆகவே, மாதக் கட்டணம் செலுத்தி அதை ஒரு லாயத்தில் விடுகிறார். தீனி போடுவதும் குளிப்பாட்டுவதும் லாயத்தைத் துப்புரவு செய்வதும் லாயத்தாரின் பொறுப்பு. சில மாதங்களுக்குப் பின், வேறொரு லாயத்தில் கட்டணம் குறைவு என்று அவர் கேள்விப்படுகிறார். மறுநாள் காலையிலேயே லாரியைக் கொண்டுவந்து குதிரையை ஏற்றிச் சென்றுவிடுகிறார். அவர் செய்தது சரியா?

“குதிரை அவருடையது. எப்போது வேண்டுமானாலும் கொண்டு போகலாம்,” என்று சிலர் வாதிடுவர். குதிரை அவருடையதுதான் என்பதில் ஐயமில்லை. ஆயினும், குதிரையை இடம் மாற்ற எண்ணுபவர் குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்பே லாயத்தாருக்கு எழுத்து வழி தெரிவிக்க வேண்டும். இது வெறும் மரியாதைக்காகச் செய்யப்படுவதன்று. மூன்று தரப்பினரின் நலன் இதில் அடங்கியுள்ளது.

முதலாவது, குதிரையின் நலன். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 9 கிலோ உலர்தீவனம் தேவைப்படும். அதன் தீனியைத் திடீரென மாற்றினால் கடுமையான வயிற்றுவலி ஏற்படலாம். மனிதரைப் போல் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால், அந்த வலி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். பழைய தீனியோடு புதிய தீனியை ஏழு முதல் பத்து நாள்களுக்குச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். குதிரை என்ன தின்றது, எப்போது தடுப்பூசி போடப்பட்டது, எந்த மருந்து அதற்கு ஒத்துக்கொள்ளாது என்பனவற்றை லாயத்தாரே நன்கு அறிவர். இரவோடு இரவாகக் குதிரையை ஓட்டிச் சென்றால் இந்த விவரங்களைக் கேட்டறிய வாய்ப்பே இராது.

இரண்டாவது, லாயத்தில் உழைப்பவரின் நலன். அடுத்த மாதத்திற்கான வைக்கோலும் தவிடும் முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கும். குதிரையைப் பராமரிப்பவரின் சம்பளமும் அந்தக் கட்டணத்திலிருந்தே வருகிறது. தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. வேலையை விட்டு விலகுபவர் ‘நோட்டீஸ்’ கொடுக்க வேண்டும் என்பதைத் தாத்தா பாட்டி காலத்திலிருந்தே அவர்கள் அறிவர். வேலை ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்படாவிட்டால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அதை வரையறுக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாயின் 6 வாரம். அதற்கு மேல் 8 வாரம். இந்தக் காலம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றே. லாயத்தில் குதிரையை விடுவது வேலை ஒப்பந்தம் அன்று. எனினும், அதே நியாயம் இங்கும் பொருந்தும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தாரின் நலன். இதைப் போர்டிக்சன் மக்களைவிட நன்கு உணர்ந்தவர் இலர். 1998ஆம் ஆண்டு இறுதியில் பேராக் மாநிலப் பன்றிப் பண்ணைகளில் ஒரு நோய் பரவியது. அஞ்சிய பண்ணையாளர்கள் விலங்குகளை அவசர அவசரமாக விற்றனர். அவ்வாறு இடம்பெயர்ந்த விலங்குகளோடு நோயும் போர்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்கை வந்தடைந்தது. அவ்வட்டாரத்துக் கம்போங் சுங்கை நிப்பாவின் பெயராலேயே அக்கிருமி இன்று ‘நிப்பா’ என உலகெங்கும் அழைக்கப்படுகிறது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நாய், பூனை, குதிரை ஆகியவற்றையும் அக்கிருமி தொற்றியது. ஒரு விலங்கை இடம் மாற்றுவது உரிமையாளரின் சொந்த விஷயம் மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? முன்னறிவிப்புக் காலம் இருந்தால்தான் கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிக்க இயலும். புதிய லாயத்தாரும் அதைச் சில நாள் தனியே கட்டிவைக்க இடம் ஒதுக்க இயலும்.

“லாயத்தில் குதிரை பட்டினி கிடந்தாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துன்புறும் விலங்கை ஒரு நாள்கூட அங்கே விட்டுவைக்கக் கூடாது. அந்நிலையில் குதிரையை உடனே மீட்டு, காரணத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ்ப் புகாரும் செய்யலாம். கொடுமை ஏதுமின்றி அவசரமாகச் செல்ல நேர்ந்தால், முன்னறிவிப்புக் காலத்திற்கான கட்டணத்தைச் செலுத்திவிட்டுச் செல்லலாம். வேலைச் சட்டமும் இத்தகைய வழியை அனுமதிக்கிறது. ஆகவே, முன்னறிவிப்பு என்பது காலைக் கட்டும் சங்கிலி அன்று.

இக்கடமை லாயத்தாருக்கும் உண்டு. கட்டணத்தை உயர்த்துவதாயினும் லாயத்தை மூடுவதாயினும் அவர்களும் முன்னரே சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் மூடப்படும் என்ற செய்தி 2023 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. இறுதிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் நடைபெற்றது. இடையில் கிடைத்த 16 மாதங்கள் பிரிவின் வருத்தத்தைப் போக்கவில்லை. ஆனால், குதிரைகளுக்கு வேறிடம் தேடவும் பணியாளர்கள் மாற்று வேலை பார்க்கவும் அந்த அவகாசம் உதவியது.

எனவே, குதிரையை லாயத்தில் விடும் நாளிலேயே முன்னறிவிப்புக் காலத்தை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நன்று. புறப்படும் நாளைக் குறித்து ஒரு கடிதம், பாக்கியின்றிக் கணக்குத் தீர்த்தல், பராமரித்தவருக்கு ஒரு நன்றி ஆகிய மூன்றுமே போதும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். தான் எங்கே கொண்டு செல்லப்படுகிறது என்று குதிரையால் கேட்க முடியாது. அதற்காகப் பேச வேண்டிய கடமை அதன் உரிமையாளருக்கே உண்டு.