மூத்த ஆலாவின் நிதானம்

கடற்பறவைகளைப் பற்றி எழுதத் தொடங்கினாலே நம்மவர்களின் பேனா 'தாய்மை', 'தியாகம்' என்று இளகிவிடுகிறது. ஆலாவின் இரத்தம் சொல்லும் கதை வேறு. எனக்கு அதுவே சுவையானதாகப் படுகிறது.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையோரம் பேர்ட் ஐலண்ட் என்றொரு சிறுதீவு. அங்குள்ள ஆலாக்கள் பலவற்றுக்குக் குஞ்சுப் பருவத்திலேயே கால்வளையம் பூட்டியிருப்பதால் வயது துல்லியமாகத் தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் அவற்றைப் பிடித்து, அரைமணி நேரம் வைத்திருந்து இரத்தத்தைச் சோதித்தனர். 2006இல் முடிவு வெளிவந்தது: நெருக்கடியில் சுரக்கும் கார்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோன், மூத்த பறவைகளில் குறைவாகவே ஏறியது.

இது மிகுந்தால் பறவை கூட்டைக் கைவிட்டுத் தன்னுயிரைக் காக்கும். நெடுங்காலம் வாழும் இனத்துக்கு அது கோழைத்தனமன்று, கணக்கு. இவ்வாண்டு இழந்தாலும் அடுத்த ஆண்டு உண்டு. முதுமையில் அந்த 'அடுத்த ஆண்டு' சுருங்குவதால், இருக்கும் குஞ்சின்மேலேயே பறவை அனைத்தையும் வைக்கிறது என்பது ஒரு விளக்கம். அட்ரினல் சுரப்பியே தளர்ந்துவிட்டது என்பது மற்றொன்று. 2008இல் வெளியான ஆய்வில், சுரப்பியை ஊசிவழி தூண்டியபோதும் மூத்தவற்றில் சுரப்பு குறைவாகவே இருந்தது.

தளர்ச்சி என்றதும் வகுப்பில் சில முகங்கள் வாடிவிடுகின்றன! எனக்கு இதில் முரண் தெரியவில்லை. தளர்ந்த சுரப்பியே பறவையைக் கூட்டில் இருத்தக்கூடும். ஆலாக்களில் வயதேற ஏற இனப்பெருக்கம் மேம்படுவதும் பதிவான செய்திதான். அப்பறவையை உருகும் மெழுகுவத்தியாகவே வரைய வேண்டுமென்று நமக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?